கடை வரட்டும், மாடிப்படிய மட்டும் உடைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு மலர்ல பழைய காலத்து பெரிய நகரத்து வீடுங்க எல்லாம் வரிசையா கடையா மாறிட்டு வர்றத பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க, அதுக்கு வந்த வாசகர் கடிதங்களையும் விடாம படிச்சேன். பாதி பேர் பாரம்பரியமே போச்சுன்னு வருத்தப்பட்டிருக்காங்க, மீதி பேர் பூட்டி கிடந்து பாழாப் போறதுக்கு கடையாவது வரட்டுமேன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் தொடாத ஒரு விஷயம் இருக்கு, அதுக்காகத்தான் இந்த கடிதம். நான் கடைகளுக்கு இன்டீரியர் வேலை எடுத்து செய்யுற தொழில்ல இருக்கேன், பழைய கட்டடத்துக்குள்ள புதுசா கடை போடுறப்ப முதல் நாள் என்ன நடக்குதுன்னு பக்கத்துல நின்னு பாக்குறவன். முதல் நாள் பெரும்பாலும் உடைபடுறது மாடிப்படிதான். அங்கதான் அந்த வீட்டோட கதை முடியுது, போர்டு மாட்டுறப்பவோ பெயின்ட் அடிக்கிறப்பவோ இல்ல.

முதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடுறேன், வீடு கடையா மாறுறது எனக்கு சம்மதம்தான். பல ஊர்ல கடைதான் வீட்ட காப்பாத்தியிருக்கு. அயர்லாந்து தலைநகர் டப்ளின்ல பவர்ஸ்கோர்ட் ஹவுஸ்னு ஒரு பிரபு வீடு, 1771ல ஆரம்பிச்சு 1774ல கட்டி முடிச்சாங்க. பார்லிமென்ட் கூடுற சமயத்துல அந்த குடும்பம் ஊர்ல வந்து தங்குறதுக்காக கட்டுன வீடு அது. 1800ல சட்டம் போட்டு அயர்லாந்தோட தனி பார்லிமென்ட்டையே லண்டனோட சேர்த்துட்டாங்க, அப்புறம் பிரபுக்களுக்கு டப்ளின்ல என்ன வேலை, ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. 1807ல இந்த வீடு அரசாங்கத்தோட ஸ்டாம்ப் ஆபீஸ் ஆச்சு, 1830கள்ல ஜவுளி மொத்த வியாபாரிங்க கைக்கு போச்சு, நூறு வருஷத்துக்கு மேல துணி வியாபாரம் அங்கயே நடந்துச்சு, கடைசியா 1981ல நடுமுற்றத்துக்கு மேல கண்ணாடி கூரை போட்டு சுத்திலும் சின்ன சின்ன கடைங்க வந்துச்சு. இத்தனை கை மாறியும் அந்த மகோகனி மர படிக்கட்டும் சுதை வேலை செஞ்ச விதானமும் இன்னைக்கும் இருக்கு. யார் வேணா உள்ள போய் படி ஏறி பாக்கலாம், டிக்கெட் கிடையாது. பிரபு இருந்த காலத்துல தெருவுல போற ஆளால அந்த படியில கால் வைக்க முடிஞ்சிருக்குமா?

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இந்த மாதிரி வீடுங்களுக்கு ஆபத்து கடையால ஆரம்பிக்கல. எந்த வாழ்க்கைக்காக கட்டுனாங்களோ அந்த வாழ்க்கை அந்த தெருவ விட்டு போயிடுது, வேலைக்காரங்க பத்து பதினஞ்சு பேர் வச்சு நடத்துன குடும்பம் இல்ல, வீட்ட பிரிச்சு வாங்கவும் ஆள் இல்ல, வரி மட்டும் கட்டணும். அப்ப கடைக்காரர் வர்றார். இங்கிலாந்துல பாத் நகரத்துல மில்சம் தெரு 1760கள்ல முழுக்க முழுக்க குடியிருப்பு தெருவாத்தான் ஆரம்பிச்சது, இப்ப அது ஊரோட முக்கியமான கடைத்தெரு. நியூயார்க்ல ஐந்தாவது அவென்யூல மார்ட்டன் பிளான்ட்னு ஒரு பணக்காரர் 1905 வாக்குல கட்டி முடிச்ச மாளிகை, பக்கத்துல எல்லாம் வியாபாரம் வந்துடுச்சுன்னு அவர் அங்க இருக்க பிடிக்காம வடக்க தள்ளி போயிட்டார். 1917ல அந்த வீட்ட கார்ட்டியே நகைக்கடைக்கு 100 டாலருக்கும் ரெண்டு சரம் முத்துமாலைக்கும் கொடுத்தாங்க, மாலையோட மதிப்பு அப்ப 10 லட்சம் டாலர். நூறு வருஷம் தாண்டியும் அந்த கட்டடம் அதே நகைக்கடையாத்தான் நிக்குது, அந்த அவென்யூல இருந்த எத்தனையோ மாளிகைங்க இடிஞ்சு அடுக்குமாடி ஆயிடுச்சு. மேடிசன் அவென்யூல ரைன்லேண்டர் மாளிகைன்னு இன்னொண்ணு, 1898ல முடிஞ்சது, கட்டுன அம்மா அதுல ஒரு நாளும் குடியேறவே இல்ல. கட்டுனவங்களே வாழாத அந்த வீடு, 1986ல ரால்ஃப் லாரன் துணிக்கடையா ஆச்சு.

சரி, அப்ப பிரச்சனை எங்க வருது? மேல சொன்ன மாளிகைங்க எல்லாம் மொத்த வீட்டையும் ஒரே ஆள் எடுத்த கதை. சாதாரண தெருவுல அப்படி நடக்காது. அங்க ஒட்டி ஒட்டி இருக்கிற குறுகலான வீடுங்க, பக்கத்து வீட்டோட பொதுச்சுவர், முன்பக்கம் ஒரு அஞ்சாறு மீட்டர் அகலம் அவ்வளவுதான், உயரம் மட்டும் மூணு நாலு தளம். கடைக்கு வர்றவருக்கு வேணும்ங்கிறது கீழ்தளம் மட்டும், அதுலயும் தெருவ பாத்த முன்பக்கம். அந்த அஞ்சாறு மீட்டர்ல ஒரு மீட்டருக்கு மேல வீட்டு வாசலும் அதுக்கு பின்னாடி மாடிக்கு போற நடையும் பிடிச்சுக்குது. கடைக்காரர் கண்ணுக்கு அது வீணா போற இடம், ஷோகேஸ் வைக்கலாமே, ஒரு ட்ரையல் ரூம் போடலாமேன்னு தோணும். வாசல எடுத்துட்டு முழு அகலத்துக்கும் கண்ணாடி போடுங்க, கீழ் படிக்கட்ட எடுத்துடுங்க, மேல போக வேணும்னா பின்னாடி ஒரு இரும்பு ஏணி வச்சுக்கலாம்னு சொல்லுவாங்க. ஓனரும் வாடகை கூட வருதேன்னு தலையாட்டிடுவார்.

அதோட மாடிக்கு யாரும் போறதில்ல. முதல்ல கோடவுன், அட்டைப்பெட்டி போட்டு வைப்பாங்க, கொஞ்ச நாள்ல அதுவும் நின்னு போகும் ஏன்னா ஏணில பெட்டி தூக்கிட்டு ஏற எந்த பையனும் தயாரா இல்ல. அப்புறம் மேல மூணு தளமும் இருட்டுதான்.

ஆள் போகாத மாடி எப்படி சாகுதுன்னு நிறைய பேருக்கு தெரியாது, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். டப்ளின், பாத் மாதிரி ஊர்ல ஜார்ஜ்னு பேர் கொண்ட மன்னருங்க ஆண்ட 1700கள்ல கட்டுன வீடுங்கள பாத்தீங்கன்னா கூரை வெளிய தெரியாது, மொட்டமாடி கைப்பிடிச்சுவர் மாதிரி ஒரு சுவர் எழுப்பி அதுக்கு பின்னாடி ஈயத்தகடு போட்ட மழைநீர் கால்வாய் ஓடும். அதுல இலை, புறா எச்சம், கூட்டுக்கு கொண்டு வர்ற குச்சி எல்லாம் சேரும். வீட்டுல ஆள் இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவ அள்ளி போட்டுடுவாங்க, அரை நாள் வேலை. ஆள் இல்லைன்னா தண்ணி தேங்கும், தேங்குன தண்ணி சுவத்துக்குள்ள இறங்கும். மரத்தளத்த தாங்குற உத்தரக்கட்டையோட ரெண்டு முனையும் சுவத்துக்குள்ளதான் சொருகி இருக்கும், ஓதம் ஏறி அந்த முனை முதல்ல உளுத்துப் போகும். ரூமுக்குள்ள நின்னு பாத்தா கட்டை நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், சுவரோரம் ஸ்க்ரூடிரைவர வச்சு அழுத்துனா கைப்பிடி வரைக்கும் உள்ள போகும், ஈர கேக்குல கத்தி இறங்குற மாதிரி. கீழ கடையில ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறதால கறை கூட கண்ணுக்கு தெரியாது. தெரியுறப்ப உத்தரமே இறங்கியிருக்கும். உடனே இன்ஜினியர் வந்து கட்டடம் ஆபத்துன்னு எழுதிக் கொடுப்பார், இடிக்க அனுமதி ஈசியா கிடைச்சுடும். இடிச்சது யாருன்னு கேட்டா மழைன்னு சொல்லுவாங்க. அந்த படிக்கட்ட எடுத்த அன்னைக்கே முடிவான விஷயம் அது.

சிங்கப்பூர் ஷாப்ஹவுஸ் எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு உங்க கடிதப் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்கு மரியாதையோட ஒரு பதில். அது பிறப்புலயே கடையும் வீடும் சேர்ந்தது, கீழ வியாபாரம் மேல குடும்பம்னு நினைச்சுத்தான் கட்டுனாங்க, சிங்கப்பூர உருவாக்குன ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோட 1822 நகரத் திட்டத்துலயே முன்னாடி ஜனங்க நடக்க அஞ்சடி நடைபாதை விடணும்னு போட்டிருந்தாங்க. அதுக்கு மேல 1989ல சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிங்கள எல்லாம் பாதுகாப்பு பகுதியா அறிவிச்சு எத மாத்தலாம் எத மாத்தக்கூடாதுன்னு விதி கொடுத்தாங்க. குடியிருக்க மட்டும் கட்டுன வீட்டுக்கு அந்த கணக்கு பொருந்தாது, அதுக்கு ஒரே வாசல், ஒரே படி, அத எடுத்தா வேற வழியில்ல.

பொருந்தாததுல இன்னொண்ணு எடை. வீட்டு தளத்துக்கு இன்ஜினியருங்க ஒரு சதுர மீட்டருக்கு 150லருந்து 200 கிலோ வரைக்கும் கணக்கு வைப்பாங்க, கடைக்கு 400 கிலோவாவது வேணும். ரெண்டு மடங்கு. துணிக்கடைன்னா பரவால்ல, புத்தகக்கடை, டைல்ஸ், பாத்திரம்னா தளம் தாங்காது. அதனால இரும்பு கர்டர் கொடுக்கிறோம்னு சுவர துளைப்பாங்க. எந்த வியாபாரம் எந்த வீட்டுக்கு ஒத்து வரும்னு பாத்து வாடகைக்கு விட்டாலே பாதி சேதம் நடக்காது. மூக்குக்கண்ணாடி கடை, நகை, தையல், ஓவியம், மணப்பெண் உடை, கடிகாரம் ரிப்பேர், வக்கீல் ஆபீஸ், இதெல்லாம் வீட்டு அறைக்குள்ள அப்படியே உக்காந்துடும். அறைய அறையாவே விட்டுட்டு அதுக்குள்ள விக்கிற கடைக்கு ஒரு தனி அழகும் இருக்கு, வாங்க வந்தவங்க அவசரப்படாம ஒவ்வொரு ரூமா பாத்துட்டு போவாங்க, இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

என் தொழில்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லணும். பழைய விதானம்னா அது கான்கிரீட் இல்ல, மெல்லிசான மரப்பட்டிங்கள வரிசையா அடிச்சு அதுக்கு இடையில சுண்ணாம்பு சாந்த அழுத்துவாங்க, சாந்து இடுக்கு வழியா மேல பிதுங்கி வளைஞ்சு பிடிச்சுக்கும், மொத்த சீலிங்கும் அந்த பிடியிலதான் தொங்குது. அதுல ஸ்பாட் லைட்டுக்கு வரிசையா ஓட்டை போட்டா அந்த அதிர்ச்சியில சுத்தியிருக்கிற பிடி எல்லாம் உடையும், அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு பூவேலை துண்டு பொத்துன்னு விழும். தரையில நிக்குற விளக்கு வைங்க, ஷெல்ஃபுக்குள்ள வைங்க, சுவர்ல மேல பாத்து அடிக்கிற லைட் போடுங்க, சுதை வேலையும் நல்லா தெரியும். வெளிய போர்டு மாட்டுறப்ப கல்லுலயோ செங்கல் முகத்துலயோ டிரில் போடாதீங்க, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற சாந்து இணைப்புல போடுங்க, நாளைக்கு போர்ட கழட்டுனா சாந்து பூசிடலாம், கல்ல பூச முடியாது. சாதா இரும்பு போல்ட் வேண்டாம், துருப்பிடிச்சா ஊதும், ஊதுனா கல்ல பிளக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க. சுண்ணாம்பு சுவத்து மேல சிமென்ட் பூசுறத எத்தனை தடவ சொன்னாலும் நிறுத்த மாட்டேங்கிறாங்க. சுண்ணாம்பு சுவர் ஈரத்த இழுத்து காத்துல விட்டுடும், சிமென்ட் அத உள்ளயே பூட்டி வச்சுடும், அப்புறம் பூச்சு உப்பி பொருக்கு பொருக்கா உதிரும்.

சட்டம் பத்தி பேசுனா, பல ஊர்ல முகப்பு மட்டும்தான் பாதுகாப்புல இருக்கு. உங்க கட்டுரையிலயும் முகப்பு காப்பாத்தப்பட்டதுன்னு பெருமையா போட்டிருந்தீங்க. முகப்புக்கு பின்னாடி மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு கான்கிரீட் பெட்டி கட்டி வச்சா அது வீடே இல்ல, வெறும் திரை. 1964ல வெனிஸ்ல உலக நிபுணருங்க கூடி எழுதுன சாசனத்துல அஞ்சாவது ஷரத்துல இத தெளிவா சொல்லியிருக்காங்க, நினைவுச்சின்னங்கள சமுதாயத்துக்கு உபயோகமா பயன்படுத்துறது அதோட பாதுகாப்புக்கு நல்லது, ஆனா அந்த பயன்பாடு கட்டடத்தோட அமைப்பையும் அலங்காரத்தையும் மாத்தக்கூடாதுன்னு. அமைப்புன்னா என்ன, அறைங்க எங்க, படி எங்க, வெளிச்சம் எங்கிருந்து வருது, இதுதான். பயன்பாடு வேணும்ங்கிற முதல் பாதிய எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க, ரெண்டாவது பாதிய விட்டுடுறாங்க.

எந்த மாதிரி கடை வருதுங்கிறதும் முக்கியம்தான். ஆம்ஸ்டர்டாம்ல கால்வாய் ஓரத்து வீடுங்களுக்கு 2010ல யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்சது, கூட்டம் ஏற ஏற டூரிஸ்ட்டுக்கு மட்டுமே விக்கிற கடைங்க பெருகி குடியிருக்கிறவங்க சாமான் வாங்கக்கூட கடை இல்லாத நிலைமை வந்துடுச்சு. 2017ல நகர மையத்துல அந்த மாதிரி புது கடைங்களுக்கு தடை போட்டாங்க. வெனிஸ் நிலைமை இன்னும் மோசம், பழைய நகரத்துல 1951ல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தாங்க, 2022ல 50,000க்கும் கீழ. அதுக்கு கடை மட்டும் காரணம் இல்ல, வாடகை, ஹோட்டல், வெள்ளம் எல்லாம் சேர்ந்தது. ஆனா ராத்திரி கடை சாத்துன பிறகு மேல ஒரு ஜன்னல்ல கூட வெளிச்சம் இல்லாத தெரு எந்த ஊர்லயும் ரொம்ப நாள் நல்லா இருந்தது கிடையாது. திருட்டு, குப்பை, சுவத்துல கிறுக்கல், எல்லாம் தானா வரும்.

இதுக்கு வழியே இல்லையான்னா இருக்கு. பிரிட்டன்ல 1980களோட கடைசியிலயே கடைக்கு மேல குடியிருப்போம்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. அயர்லாந்துல 2015ல டப்ளின், கார்க், லிமரிக் உட்பட ஆறு நகரங்கள்ல 1915க்கு முன்னாடி கட்டுன வீட்ட சரி பண்ணி குடியிருந்தா வரிச்சலுகைன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கடைக்கும் உண்டு. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரலைங்கிறது உண்மை. காரணம் கேட்டா நான் மேல சொன்னதேதான் வருது, மாடிக்கு தனி வழி இல்ல, இருந்த வழிய எப்பவோ கடைக்குள்ள சேர்த்துட்டாங்க, தீயணைப்பு விதிப்படி கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி பாதை வேணும், திரும்ப கட்டணும்னா கடையோட முன்பக்கத்துல இடம் கொடுக்கணும், எந்த கடைக்காரர் கொடுப்பார்? எடுக்க ஒரு நாள் ஆகுற படிக்கட்ட திரும்ப வைக்க அரசாங்கமே வரிய விட்டுக்கொடுத்தும் முடியல.

வாடகை குறையுமே, அந்த ஒரு மீட்டருக்கு நீங்களா காசு கொடுப்பீங்கன்னு ஓனருங்க என்கிட்ட நேருக்கு நேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. கீழ வாடகை கொஞ்சம் குறையும், ஒத்துக்குறேன். ஆனா மேல மூணு தளம் காலியா கிடக்குதே அதுக்கு வாடகையே கிடையாதே, ஒரு தளத்த ஆபீஸுக்கும் ரெண்டு தளத்த குடித்தனத்துக்கும் விட்டா அந்த ஒரு மீட்டர் தன் காச தானே சம்பாதிச்சு கொடுக்குமே. அதோட ஆள் இருக்கிற மாடியில ஓட்டு சரிஞ்சா மறுநாளே போன் வரும். இந்த கணக்க எழுதிக் காட்டுனா பாதி ஓனருங்க யோசிக்கிறாங்க. மீதி பேர் கடைக்காரர் அட்வான்ஸோட நிக்கிறார்ப்பா, சீக்கிரம் வேலைய ஆரம்பின்னு சொல்லிடுறாங்க. அந்த மாதிரி ஒரு வேலையில தேக்கு கைப்பிடிய ரம்பத்தால மூணு துண்டா அறுத்து லாரியில ஏத்துனத பாத்துட்டு நான் அந்த வேலைய எடுக்காம வந்துட்டேன், வேற ஆள் வந்து செஞ்சுட்டார், வீடு இப்பவும் நிக்குது, மாடி ஜன்னல்ல செடி முளைச்சிருக்கு.

அதனால என் கோரிக்கை மூணு பேருக்கு. நகராட்சிங்க பழைய வீட்டுக்கு வணிக அனுமதி கொடுக்கிறப்ப முகப்பு போட்டோ மட்டும் வாங்காம உள்ள இருக்கிற படிக்கட்டோட வரைபடத்தையும் வாங்கி வைக்கணும், அத எடுக்கணும்னா தனி அனுமதின்னு விதி போடணும். ஓனருங்க லீஸ் அக்ரிமென்ட்லயே தெருவாசல்லருந்து மாடிக்கு போற நடையும் படியும் வாடகைக்கு விட்டதுல சேராது, அதோட சாவி எங்ககிட்டதான்னு எழுதி வச்சுக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ கூரை கால்வாய் சுத்தம் பண்றது யார் பொறுப்புன்னும் அதுலயே போட்டுடணும். கடை எடுக்கிறவங்க, மாத்துறது எதுவா இருந்தாலும் நாளைக்கு கழட்டி எடுத்தா வீடு பழையபடி இருக்கணும்னு கான்ட்ராக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, ஆணி அடிக்காம நிக்குற ஷெல்ஃப், பிரிச்சு எடுக்கிற பார்ட்டிஷன் எல்லாம் இப்ப தாராளமா கிடைக்குது, காலி பண்ணும்போது நீங்களே கூட எடுத்துட்டு போகலாம். படிக்கட்டு இடைஞ்சலா இருக்குன்னு யாராவது சொன்னா அத பக்கத்துல கதவு போட்டு மறைக்க சொல்லுங்க, ஒரு கதவும் பூட்டும்தான் செலவு.

இப்படிக்கு,
கடை இன்டீரியர் வேலை செய்யும் ஒரு வாசகர்